பதினொரு பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

(தோட்டக் கமிட்டியும் மாதர் குழுவும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் எப்படி முடிந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கீழ்ப் பிரிவுப் பிள்ளைக் காம்பராவில் நேசரி நடத்தித் தருகிறோம் என்று டவுனில் உள்ள ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபையார் கடிதம் கொடுத்திருந்தார்கள். கடிதத்தை வாசித்து முடிக்கவில்லை, பாதிப் பேர் "வரட்டும், நம்ம பிள்ளைங்க நாலெழுத்து படிக்கட்டும்" என்றார்கள். மீதிப் பேர் "மதம் மாத்த வர்றாங்க" என்று எழுந்து நின்றார்கள். கோவில் கமிட்டித் தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். அன்றைக்கு அதுதான் சரி.

பிறகு பாடசாலை விடுமுறையில், வடக்கில் உள்ள ஆசிரியர்கள் சிலர் அழைத்து, நாங்கள் மூன்று பேர் யாழ்ப்பாணம் போனோம். தீவுப் பகுதியில் இதே மாதிரி ஒரு பாப்டிஸ்ட் சபை மிகச் சிறிய பள்ளி ஒன்றை நடத்துகிறது என்று அங்கே கேள்விப்பட்டோம். டவுன் சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இங்கே உட்கார்ந்து வாதாடுவதைவிட ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேசலாமே என்று போய்ப் பார்த்தோம். பார்த்ததைச் சொல்கிறோம்.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். மலையில் பிறந்த நமக்கு எங்கே பார்த்தாலும் ஒரு மலை கண்ணை மறிக்க வேண்டும். அங்கே மறிக்க ஒன்றுமில்லை, கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி ஊர்காவற்றுறை. தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பன் அந்தப் பக்கம்தான். கரையில் நின்றால் கடலுக்கு நடுவே கடற்கோட்டையும், எதிரே காரைநகரும் தெரிகின்றன.

வழி நெடுக வீடுகள், ஆனால் பாதி வீட்டில் ஆள் இல்லை. சில வீட்டுக்குள்ளே மரமே வளர்ந்து கூரைக்கு மேலே வந்துவிட்டது. 1990, 1991 ஆண்டுகளில் யுத்தத்தில் தீவுச் சனம் இடம்பெயர்ந்தது. பலர் திரும்பவே இல்லை. கொழும்பு, பாரிஸ், லண்டன், டொரன்டோ என்று போய்விட்டார்கள். லயத்துக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை படுத்து எழும்புகிற நாம், பூட்டிக் கிடக்கிற அந்தக் கல்வீடுகளைப் பார்த்தால் வயிறெரியும் என்று நினைத்துத்தான் போனோம். வயிறெரியவில்லை.

ஆள் இல்லாத ஊரில் பள்ளிக்கூடத்துக்கு என்ன நடக்கும்? தீவக வலயத்தில் சில அரசாங்கப் பாடசாலைகளில் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். நம் கஷ்டம் வேறு. இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், இடம் இல்லை.

நாங்கள் தேடிப் போன பள்ளிக்குப் போர்டு கூடக் கிடையாது. ஒரு வாடகை வீட்டின் விறாந்தை. பனையோலை வேலி, முற்றத்தில் மணல், ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க முடியாது. குடிதண்ணீர் பவுசரில் வருகிறது, நீலப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே விறாந்தையில் சபை கூடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் பள்ளி. இடாப்பில் பதின்மூன்று பெயர், நாங்கள் போன அன்று வந்தது பதினொன்று. இரண்டு பிள்ளைகளின் அப்பா கடலுக்குப் போனால் சைக்கிளில் கொண்டுவந்து விட ஆள் இல்லையாம்.

ஒரு ஆசிரியை, உதவிக்கு ஒரு அம்மா. அங்கே 'ரீச்சர்' என்று எழுதுகிறார்கள், நாம் 'டீச்சர்' என்று எழுதுகிறோம், ஆள் ஒன்றுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் அவித்த பயறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டரைக்குத் தொடங்க வேண்டிய பள்ளியை அந்த ரீச்சர் ஆறரைக்கே திறக்கிறார். ஏன் என்று கேட்டோம். "வலை வாற நேரத்துக்குத் தாய்மார் கரைக்குப் போகோணும், நண்டு பிரிக்கிற வேலை. பிள்ளையள எங்க விடுறது?" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அங்கே வலைக்கு ஓடுகிறார்கள், இங்கே பெரட்டுக்கு ஓடுகிறோம். அரை மணி பிந்தினால் அரைப்பேர். எந்த நேசரியாவது பெரட்டு நேரத்துக்கு முன்னால் திறந்து நாம் கண்டிருக்கிறோமா? எட்டு மணிக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடுகிற நேசரி சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி. கொழுந்துப் பெண்ணுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கற்பிப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழில்காரர்களாக நாங்கள் அதைத்தான் உன்னிப்பாகப் பார்த்தோம். நான்கு வயதுப் பிள்ளை கையில் பென்சிலே இல்லை. மணலில் விரலால் கோடு, வளைவு, சுழி. சிப்பியை வைத்து எண்ணுகிறார்கள். பத்துச் சிப்பியில் மூன்றை ஒளித்து வைத்து, "எத்தின போச்சு?" என்று ஒரு பொடியன் மற்றவர்களைக் கேட்கிறான். நம் தோட்டத்தில் சில தாய்மார், நேசரிக்குப் போய் ஒரு மாதத்தில் கொப்பி நிறைய அ, ஆ எழுதவில்லை என்றால் டீச்சருக்கு வேலை தெரியாது என்கிறார்கள். பிஞ்சு விரலுக்கு அந்தப் பலம் ஐந்து வயதில்தான் வரும். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939 முதல் சென்னை அடையாறில் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1944இல் கொழும்புக்கும் வந்தார். அவர் சொன்னதும் கையால் தொட்டு, அளந்து, அடுக்கிப் படிப்பதைத்தான். அந்த ரீச்சரிடம் விலை கூடிய மரச் சாமான் எதுவும் இல்லை, சிப்பியும் பனங்கொட்டையும்தான்.

இனி எல்லாரும் கேட்கக் காத்திருக்கிற விஷயம். பதினொரு பேரில் ஏழு பேர் சைவப் பிள்ளைகள், மூன்று பேர் கத்தோலிக்கர், ஒரே ஒரு பிள்ளைதான் அந்தச் சபைக் குடும்பம். காலையில் ஒரு பாட்டும் ஒரு சின்ன ஜெபமும் உண்டு, மறைக்கவில்லை. நெற்றியில் திருநீற்றோடு வந்த பிள்ளைகள் திருநீற்றோடே வீட்டுக்குப் போனார்கள். "பெற்றோர் வேண்டாமெண்டு சொன்னா, அந்த நேரம் பிள்ளை முத்தத்தில விளையாடும்" என்றார் ரீச்சர். எங்களில் ஒருவர் நேராகவே கேட்டார்: "பிள்ளைகளை மதம் மாற்றுகிறீர்களா?" அவர் கோபப்படவில்லை. "எங்கட சபையில குழந்தையளுக்கு ஞானஸ்நானமே இல்ல. வளந்து, தானா விளங்கிக் கேட்டாத்தான்" என்றார்.

இது உண்மை. பாப்டிஸ்ட் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. சுயபுத்தியோடு நம்பிக்கையைச் சொல்கிறவருக்கே முழுக்கு என்பது அவர்களின் கொள்கை. அவர்களுக்கு ஆயர் இல்லை, ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்தியாவுக்கு வந்த அவர்களின் பெரிய ஆள் வில்லியம் கேரி, இங்கிலாந்தில் செருப்புத் தைத்த தொழிலாளி. கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலையும் பார்த்தவர். 1800இல் வங்காளத்தில் சேரம்பூரில் அவரோடு சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் அச்சுத் தொழிலாளி, மற்றவர் பள்ளி ஆசிரியர். 1812இல் அவர்களில் ஜேம்ஸ் சேட்டர் என்பவர் கொழும்புக்கு வந்தார். தொழிலாளி வர்க்கத்து ஆட்கள் தொடங்கிய வேலை என்பதால் எங்களுக்கு அதில் கொஞ்சம் மரியாதை உண்டு.

அதற்காக நாங்கள் ஏமாந்துவிட்டு வரவில்லை. கோவில் கமிட்டித் தலைவரின் பயம் வெறும் பயமும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். இவர்கள் பாப்டிஸ்டுகள் அல்லர், வேறு சபை. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கி ஊருக்கு ஊர் சின்னச் சின்னப் பள்ளிகள் வைத்தார்கள். விடுதியில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவில் காசு அனுப்பியவரின் பெயரையே வைத்தார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் போய்விட்டது. அதே மிஷன்தான் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தது, 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆறுமுக நாவலர் மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். பிறகு வெளியே வந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளிக்குப் போகாதே என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை, போவதற்கு இன்னொரு பள்ளியைக் கட்டினார். நேசரி வேண்டாம் என்று எழுந்து நின்றவர்களிடம் நாங்கள் தாழ்மையாகக் கேட்பது இதைத்தான்: வேறு எதைத் திறக்கப் போகிறோம்?

நம் பக்கக் கதை வேறு மாதிரி. வட்டுக்கோட்டையில் பிள்ளைகள் நட்சத்திரக் கணக்குப் போட்ட அந்தக் காலத்தை ஒட்டித்தான் நம் பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கோப்பித் தோட்டத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்கு யாரும் பள்ளி கட்டவில்லை. 1854இல் ஒரு மிஷன் தோட்டங்களுக்கு வந்தது. அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரைக் கொண்டுவந்தார்கள், தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பெயரில் இருக்கிற 'கூலி' என்ற சொல்லை நாம் மறக்க வேண்டாம். 1907ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் தோட்டப் பிள்ளையின் படிப்புக்குத் தோட்டமே பொறுப்பு என்றாகியது. அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றினார்கள்? ஒரு லயக் காம்பரா, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் பலர் அந்தக் காம்பராவில் படித்தவர்கள்தான். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார், நாடு கொண்டாடியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977இல். கணக்கைப் பாருங்கள், 32 வருஷம் பிந்தி.

நடுவில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாட்டில் சபைகளும் சங்கங்களும் நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பள்ளி திறக்கவும் தடை வந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அந்தத் தடை தொடவில்லை. அதனால்தான் இன்றைக்குச் சபையோ கோவிலோ சங்கமோ சின்னதாக ஒரு பள்ளி நடத்த ஆசைப்பட்டால் அது நேசரியாக இருக்கிறது. அரசாங்கம் கையை நீட்டாத வயது அது. நம் தோட்டத்தில் அந்த வயதில்தான் பிள்ளை தேயிலைச் செடிக்குக் கீழே படங்குச் சாக்கில் கிடக்கிறது.

போன மழைக்காலம் யாருக்கும் மறந்திருக்காது. பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா இல்லை, பழைய ஆயம்மா ஓய்வு பெற்று மாதங்கள் போயும் புதிதாக ஒருவரைப் போடவில்லை. கூரை ஒழுகியது. மூன்று வயதுப் பிள்ளையை மலைக்குத் தூக்கிப்போன நம் சகோதரி ஒருத்தி, குளவி கலைந்தபோது தன் முதுகைக் கொடுத்துப் பிள்ளையை மூடினாள். பிள்ளைக்கு ஏழு இடத்தில் கொட்டு. தாயை எண்ணவே முடியவில்லை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தச் சகோதரி இப்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து பேசச் சொல்லி அவரை நாங்கள் கஷ்டப்படுத்த மாட்டோம்.

திரும்பவும் தீவுக்கு வருகிறோம். அந்த ரீச்சருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டோம். கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது, ஆனால் சங்கக்காரர் கேட்காமல் யார் கேட்பது? சொன்னார். நம் கொழுந்துப் பெண் பத்து நாள் பேருக்கு வாங்குவதைவிடக் குறைவு. சேமலாப நிதி இல்லை, பிரசவ லீவுச் சம்பளம் இல்லை. சபையில் உள்ள பன்னிரண்டு குடும்பத்தின் காணிக்கையும், வெளிநாட்டில் இருக்கிற ஒரு உறவுக்காரர் அனுப்புகிற காசும்தான் வாடகைக்கும் பயறுக்கும் சம்பளத்துக்கும். "அவர் அனுப்பாட்டில்?" என்றோம். "அந்த மாசம் எனக்கு இல்ல. பயறு நிப்பாட்டேலாது" என்றார். சொன்னபோது சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனதின் முதுகில் ஏற்றி வைத்த பள்ளி எவ்வளவு நாளைக்கு ஓடும்? வடக்கில் முன்பள்ளி ஆசிரியைகள் நிரந்தர நியமனம் கேட்டு எத்தனையோ தடவை வீதியில் நின்றிருக்கிறார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் எழுத்தில் வருவதற்கு நாம் எத்தனை வருஷம் கத்தினோம் என்று நமக்குத் தெரியும். அவர்கள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் குறிகட்டுவானுக்குப் போய் நெடுந்தீவுப் படகில் ஏறினோம். ஒரு மணித்தியாலக் கடல். எங்களில் இரண்டு பேர் வாந்தி எடுத்தோம், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. 1985 மே 15இல் இந்தக் கடலில்தான் குமுதினிப் படகில் வந்த பயணிகளை, பெண்கள் பிள்ளைகள் என்று பார்க்காமல் வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவில் யாரிடம் பேசினாலும் அந்தப் படகு பேச்சில் வந்துவிடுகிறது. தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில், சாந்து கிடையாது. கட்டைக் குதிரைகள் தம் பாட்டில் மேய்கின்றன.

அங்கே ஒரு பூட்டிய அறையை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். முன்பு யாரோ நல்லவர்கள் நடத்திய நேசரி. திட்டம் முடிந்தது, காசு முடிந்தது, போய்விட்டார்கள். சின்ன நாற்காலிகள், சிவப்பும் பச்சையுமாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியபடி தூசியில் இருந்தன. சுவரில் வரைந்த யானைக்குத் தும்பிக்கை மட்டும் உரிந்து விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம், இப்போது பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கேட்டோம். "எங்கயும் இல்ல தம்பி, ஒண்டாம் வகுப்புக்குத்தான் இனி" என்றார்.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம். டவுன் சபையார் வரட்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அவர்கள் கொடுத்த கடிதத்தில் உள்ளபடி அல்ல. இந்தக் கடிதத்துக்குத் தலையாட்டியது போல வேறு எந்தக் கடிதத்துக்கும் துரை இவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டி நாங்கள் பார்த்ததில்லை. ஏன் அந்தச் சந்தோஷம்? நேசரி வந்தால் ஆயம்மா தேவையில்லை, கூரைத் தகரம் அவர்கள் தலையில், பிள்ளைக் காம்பராச் செலவு கணக்கிலிருந்து போய்விடும். அதற்கு நாம் இடம் கொடுத்தால், நாளைக்குச் சபைக்குக் காசு முடிகிற அன்று நம் கையில் இருப்பது நெடுந்தீவு அறைதான்.

ஆகவே காம்பரா தோட்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், கூரையும் தண்ணீரும் கக்கூசும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுத்தில் வர வேண்டும். ஆயம்மாவை முதலில் நியமிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நேசரிக்குச் சாவி. கைக்குழந்தைகளை ஆயம்மா பார்ப்பார், மூன்று வயதுக்கு மேல் டீச்சர். பெரட்டுக்கு முன்னால் கதவு திறக்க வேண்டும். டீச்சர் வேலைக்கு நம் தோட்டத்திலேயே உயர்தரம் படித்து வீட்டில் இருக்கிற பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சபையிடம் கேட்போம். அந்தப் பிள்ளைக்குச் சேமலாப நிதி உட்பட என்ன சம்பளம் என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும், அவர் சங்கத்தில் சேருவார். ஜெபம் பற்றித் தீவு ரீச்சர் சொன்ன ஏற்பாடே எங்களுக்குப் போதும். விரும்பாத பெற்றோரின் பிள்ளை அந்த நேரம் வெளியே விளையாடும், திருநீற்றையும் பொட்டையும் யாரும் தொடக்கூடாது. கோவில் கமிட்டியிலிருந்து ஒருவர், மாதர் குழுவிலிருந்து இரண்டு பேர் மேற்பார்வைக்கு இருக்கட்டும். கோவில் கமிட்டித் தலைவரே அந்த ஒருவராக இருக்கச் சம்மதித்தால் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். அண்ணே, நீங்கள் இன்றைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுவே பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சபையார் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அப்போதும் ஆயம்மாவும் கூரையும் நம் கோரிக்கைதான், அது அவர்கள் கடிதத்தில் தொங்கவில்லை. நாவலர் வழியும் இருக்கிறது. மாதம் தலைக்கு இவ்வளவு என்று நாமே போட்டு நடத்த முடியுமா என்று பொருளாளர் ஒரு கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். கணக்கு இடிக்கிறது, ஆனால் மொத்தமாக உடையவில்லை.

இரண்டு காரியம் இன்றைக்கே தேவை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பெயரை லயம் லயமாக எழுதி மாதர் குழுவிடம் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் எடுக்காத பிள்ளை இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கும்போது வந்து அழுவதைவிட இப்போதே பதிவாளரிடம் கூட்டிப்போகலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, போன வருஷம் மட்டும் நாங்கள் ஒன்பது பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தோம்.

கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் நாலு பேர் எங்களோடு கீழ்ப் பிரிவுக்கு வாருங்கள். எத்தனை தகரம் மாற்ற வேண்டும் என்று அளந்து எழுதி, நாளைக்குப் பெரட்டில் துரை கையில் கொடுக்க வேண்டும். காம்பராச் சாவி பழைய ஆயம்மாவிடம்தான் இருக்கிறது, போகும்போது அவரையும் கூட்டிக்கொள்வோம்.